ஜாமீனுக்கு வந்த வீடு

கொரோனாவெல்லாம் ஓய்ந்து ஊர் பழையபடி ஆன பிறகு வந்த ஒரு மார்கழி மாதம் அது. கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பெரிய பெரிய வீடுகள் உள்ள தெருக்கள் ஒரு பக்கம். கண்மாய்க் கரையை ஒட்டி எங்கள் தெரு இன்னொரு பக்கம். நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் குட்டியானை ஓட்டுகிறார். கோயில் யானையை நினைத்துவிடாதீர்கள். சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மனுஷர் வாயில்லாப் பூச்சி. வீட்டில் பேசுகிற வேலை மொத்தத்தையும் என்னிடம் விட்டுவிட்டார். வண்டியோடு மட்டும் பேசுவார், அதுவும் மேட்டில் ஏறும்போது. ரோட்டில் போலீஸ்காரரைக் கண்டால் போதும், நாலு சக்கர வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டே ஹெல்மெட் இருக்கிறதா என்று தலையைத் தடவிப் பார்ப்பார். அப்படிப்பட்டவரைத்தான் திருட்டுக் கேஸில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நடந்தது இதுதான். எங்கள் பக்கத்துப் பெரிய வீடு ஒவ்வொன்றுக்கும் பங்காளிகள் நிறையப் பேர். சென்னையில் ஒருவர், கோவையில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர் என்று இருப்பார்கள். ஆளுக்கு ஒரு சாவி இருக்கும். விசேஷத்துக்கு வந்து திறப்பார்கள், முடிந்ததும் பூட்டிவிட்டுப் போவார்கள். அதனால் யாராவது சாமான் ஏற்றக் கூப்பிட்டால் என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "சாவி இருக்காண்ணே?" சாவி இருந்தால் பங்காளி, பங்காளி என்றால் வீட்டுக்குச் சொந்தக்காரர். இங்கே லோடு வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் அதுதான் நடைமுறை. பத்திரத்தைக் காட்டு என்று கேட்டால் அப்புறம் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

கார்த்திகை மாதத்தில் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு தம்பி அப்படித்தான் இவரைக் கூப்பிட்டார். சாவி வைத்திருந்தார். சாமான் அறையை அவரே திறந்தார். பித்தளை அண்டாக்கள், பர்மா தேக்கு பெஞ்சு, ஆள் உயரக் கண்ணாடி எல்லாம் வண்டியில் ஏறி, காரைக்குடியில் பழைய சாமான் கடை ஒன்றில் இறங்கின. கண்ணாடி கீறிவிடக் கூடாதென்று என் சேலை இரண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார் இந்த மனுஷர். அதில் ஒன்று நல்ல சேலை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

மார்கழியில் பிள்ளையார் நோன்புக்குக் கோவைப் பங்காளி குடும்பத்தோடு வந்தார். சாமான் அறையைத் திறந்தால் பாதி அறை காலி. உடனே ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார். தெருமுனை மளிகைக்கடைக் கேமராவில் எங்கள் குட்டியானையின் நம்பர் பளிச்சென்று விழுந்திருந்தது.

"ஸ்டேஷன்ல கூப்பிடுறாக. என்னான்னு கேட்டுட்டு வந்துர்றேன். மொச்சைக் குழம்பை எடுத்து வையி" என்று போனில் சொன்னார். வரவில்லை. நானே சாப்பாட்டைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். சுவரோரம் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். ஒரு அதட்டலில் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

மேஜையில் இருந்த போலீஸ்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தெரு?" கண்மாய்க்கரைத் தெரு என்று சொன்னேன். அதற்கு மேல் அவருக்குக் கேட்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. எங்கள் தெரு பெயரைச் சொன்னால் யார் எவர் என்று இங்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும். சாவி போட்டுத் திறந்தவர் அந்தத் தம்பி, போன் நம்பர் இதோ இருக்கிறது, கேளுங்கள் என்று நான் கத்தினேன். கத்தத்தான் எனக்குத் தெரியும். உடனே அந்தத் தம்பிக்குப் போன் போட்டார்கள். "சார், சும்மா ஒரு தகவலுக்குத்தான் சார். நீங்க சவுகரியப்படும்போது ஒரு எட்டு வந்துட்டுப் போங்க சார்." போனை வைத்துவிட்டு, சுவரோரம் திரும்பி, "டேய், வேற எந்தெந்த வீட்ல கை வச்சே?" என்றார்கள். ஒரே வண்டி, ஒரே சாமான். அந்தத் தம்பி சார் ஆகிவிட்டார், இவர் டேய் ஆகிவிட்டார்.

கேஸில் அந்தத் தம்பி முதல் குற்றவாளி, என் வீட்டுக்காரர் இரண்டாவது. தம்பிக்கு முன்ஜாமீன் கிடைத்தது. பிடிப்பதற்கு முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்கிற ஜாமீனாம். அளவு எடுக்கும் முன்பே ஜாக்கெட் தைத்து வைக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இரண்டாவது குற்றவாளியை மட்டும் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

மனு போட்டுப் பார்க்கப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "வண்டிய ஸ்டேஷன் வாசல்ல வெயில்ல போட்டுருக்காக. மேல தார்ப்பாய் போட்டாகளான்னு பாரு." எனக்கு வந்ததே கோபம். "ஒங்களை உள்ள வச்சிருக்காக. நீங்க வண்டிக்குத் தார்ப்பாய் கேக்குறீகளா?" என்று அத்தனை பேர் நடுவில் திட்டிவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஊர் வரும்வரை அழுதேன். மறுநாள் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு போய், கெஞ்சிக் கூத்தாடி, வண்டிமேல் போட்டுவிட்டும் வந்தேன்.

இலவச சட்ட உதவியில் எங்களுக்குக் கிடைத்தவர் சின்ன வயது வக்கீல் பொண்ணு. அவர் வாதாடி ஜாமீன் வாங்கிவிட்டார். நான் வீட்டுக்கு ஓடி வந்து, வீட்டைக் கழுவி, வீட்டுக்காரருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அப்புறம்தான் வக்கீல் போனில் விளக்கினார். ஜாமீன் கிடைத்தது பாதி வேலைதானாம். இரண்டு பேர் ஜாமீன்தாரராக வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் ரத்த சொந்தம். இரண்டு பேருக்குமே சொந்தப் பெயரில் வீட்டு வரி ரசீது இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஜாமீன் உத்தரவு பாட்டுக்குக் கோர்ட்டில் இருக்கும், மனுஷர் பாட்டுக்கு ஜெயிலில் இருப்பார்.

ரத்த சொந்தத்துக்குச் சாக்கோட்டையில் இருக்கிற அவருடைய அண்ணன் சரியென்று சொல்லிவிட்டார். இன்னொருவர்தான் கிடைக்கவில்லை. நாங்கள் இருப்பது புறம்போக்கு, எங்களுக்கே ரசீது கிடையாது. எங்கள் தெருவில் முக்கால்வாசி அப்படித்தான். என் தம்பி வாடகை வீடு. சித்தப்பாவுக்கு மனசு இருக்கிறது, மனை இல்லை. கோர்ட் வாசலில் வேப்பமரத்தடியில் நின்ற ஒருவர், கொடுக்கிறதைக் கொடுத்தால் ஆள் ஏற்பாடு பண்ணுகிறேன் என்றார். "அக்கா, அந்தப் பக்கமே திரும்பாதீங்க" என்று வக்கீல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இதற்குள் பொங்கல் நெருங்கிவிட்டது. போகிக்கு முந்தின நாள்தான் கோர்ட்டுக்குக் கடைசி. அதைத் தவறவிட்டால் லீவு முடிகிறவரை அவர் உள்ளேதான்.

அப்போதுதான் ஆச்சி வந்தார்கள். சாமான் காணாமல் போன அதே பெரிய வீட்டின் ஒரு பகுதியில் தனியாகக் குடியிருக்கிறவர்கள். மகன் வெளிநாட்டில். நான்தான் அவர்களுக்கு ஜாக்கெட் தைக்கிறேன். சாமான் ஏறிய சமயத்திலிருந்தே சென்னையில் மகள் வீட்டில் இருந்தார்கள். திரும்பி வந்து விஷயத்தைக் கேள்விப்பட்டதும் கார் பிடித்து நேரே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

"ஏத்தா, இத எங்கிட்ட மொதல்ல சொல்ல மாட்டியா? அவன் நெஞ்சுல கள்ளம் உண்டா? நான் வாரேன் ஜாமீனுக்கு. இம்புட்டுப் பெரிய வீட்டுல இருந்துக்கிட்டு இதுகூடச் செய்யலைன்னா எப்பிடி?"

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மறுநாள் ஆச்சி கண்டாங்கிச் சேலை கட்டி, காதில் தோடு மின்ன, காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார்கள். இத்தனை நாள் என்னை "ஓரமா நில்லும்மா" என்றவர்களெல்லாம் ஆச்சியைக் கண்டதும் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். ஆச்சி உட்காராமல், "இவளுக்கும் ஒண்ணு போடுங்க" என்றார்கள். போட்டார்கள். அந்த நாற்காலியில் ஒரு பத்து நிமிஷம் நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கிளார்க் ரசீதை வாங்கிப் பார்த்தார். பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஆச்சி, இது வேற பேர்ல இருக்கே. இவுக யாரு?"

"அது எங்க வீட்டுச் செட்டியாரோட ஐயா. வீடு கட்டுனவுக."

"அவுக இப்ப எங்க இருக்காக?"

"ஹால்ல இருக்காக. மாலை போட்டு மாட்டியிருக்கோம்."

கிளார்க்குக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆச்சியுடைய புருஷனின் தாத்தா அவர், போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிறது. இன்றைக்கும் வரி அவர் பெயரில்தான் வருகிறது, வருஷம் தவறாமல் கட்டுகிறார்கள். பெயரை மாற்ற வேண்டும் என்றால் எல்லாப் பங்காளியும் சம்மதிக்க வேண்டும். யார் பெயருக்கு மாற்றுவது என்று பேச ஆரம்பித்தால் அடுத்த நோன்புக்கு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாது. அதனால் செத்தவர் பெயரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று எல்லாருமாக மரியாதையாக விட்டுவிட்டார்கள். பாகம் பிரிக்காத சொத்து, பெயரும் ஆச்சியுடையது இல்லை. அதை வைத்து ஜாமீன் எடுக்க வழியில்லை என்று வக்கீல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

ஆச்சி காரிலேயே என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். எங்கள் தெருவில் நான் இறங்கியதும் அவர்களும் கூடவே இறங்கினார்கள். குரல் உடைந்திருந்தது, ஆனாலும் தெருவுக்கே கேட்டது.

"கூட்டிப் பெருக்கவே ரெண்டு ஆளு வேணும் அந்த வீட்டுக்கு. ஒரு மனுசன வெளிய எடுக்கப் பத்தலையே ஆத்தா. நாளைக்கு ஒருநாத்தான் இருக்கு. யாருகிட்டப் போவ நீ?"

இந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. காரணம் ஓர் ஆடு. மனிதர்கள் பெயர் எதையும் இதில் நான் சொல்லவில்லை, ஆட்டின் பெயரைச் சொன்னால் தப்பில்லை. கருப்பி. ஆச்சியுடைய பட்டு ஜாக்கெட்டுக்கான லைனிங் துணியை நனைத்து வேலியில் காயப்போட்டிருந்தேன். கருப்பி வந்து ஒரு கையளவுத் துணியை மென்று விழுங்கிவிட்டது. "ஆட்டைக் கட்டி வளக்கத் தெரியாதா?" என்று நான் கேட்டேன். "ஆடுன்னா வாய் இருக்கும். துணிய வேலியில போட்ட ஒனக்குத்தான் அறிவு இருக்கணும்" என்று அவள் சொன்னாள். அதற்குப் பிறகு சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அதோடு சரி. பொதுக்குழாயில் ஒருவர் குடத்தை எடுத்த பிறகுதான் இன்னொருவர் வைப்போம். ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் ஜாடைதான். நான் கோழியைப் பார்த்துச் சொல்வேன், அவள் ஆட்டைப் பார்த்துச் சொல்வாள்.

புருஷன் இல்லாதவள். ஆடு வளர்த்து, விற்று, சித்தாள் வேலைக்குப் போய், துண்டு நிலம் வாங்கி, ஒரே ஓர் அறை வைத்து ஓடு போட்ட வீடு கட்டிக்கொண்டவள். எங்கள் வீட்டுப் புறம்போக்கு முடிகிற இடத்தில் அவள் நிலம் ஆரம்பிக்கிறது. அந்தப் பெருமையில்தான் என்னிடம் இத்தனை வாய் பேசுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் எங்கள் சண்டையில் சேராமல் அவளை எப்போதும்போலத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆட்டுக்குத் தழை கிடைத்தால் வண்டியில் கொண்டுவந்து அவள் வாசலில் போடுவார். அதற்கும் நான் திட்டியிருக்கிறேன்.

ஆச்சியின் கார் போனதும் நான் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் ஆடுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். என் பக்கம் திரும்பவில்லை. கருப்பியின் கயிற்றை முளையில் சுற்றிக்கொண்டே அதனிடம் பேச ஆரம்பித்தாள்.

"ஏய் கருப்பி, நாளைக்கு ஒன்னைய மேய்க்க ஆளு இல்ல. நான் கோர்ட்டுக்குப் போகணும். வீட்டு ரசீது எம்பேர்லதான் இருக்கு. வேற யாரு பேர்ல இருக்கும், நான்தானே கட்டுனேன்? எத்தன மணிக்குப் பஸ்ஸுன்னு கேட்டுச் சொல்லு."

எழுந்து அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் வாய் பழக்கதோஷத்தில் ஆட்டிடமே பேசியது.

"கருப்பி, காலையில எட்டரை பஸ்ஸு. ஆதாரும் ரேசன் கார்டும் வேணும், போட்டோவும் வேணும். அந்த மனுசரு கோர்ட்டுக்கு வராமப் போய்ட்டா கையெழுத்துப் போட்டவுகளைத்தான் கேப்பாக. வீட்டுக்கே வம்பாயிரும். அதையும் சொல்லிப்புடு. பின்னாடி யாரும் எங்களைச் சொல்லக் கூடாது."

"கருப்பி, அவரு எங்கிட்டு ஓடுவாரு? அவரு வண்டிய நாலு பேரு தள்ளுனாத்தான் ஸ்டார்ட்டே ஆகும்."

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு அழுகையாகிவிட்டது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனோம். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசுவதற்குக் கருப்பியும் கூட இல்லை. பெண்களுக்கு இலவசமான டவுன் பஸ் இல்லை அது. நான் இரண்டு டிக்கெட் எடுத்தேன், அவள் தன் டிக்கெட்டைத் தானே எடுத்துக்கொண்டாள். கண்டக்டர் குழம்பிப்போனார். மடியில் ஒரு மஞ்சப்பை வைத்திருந்தாள். உள்ளே பிளாஸ்டிக் கவருக்குள் வருஷவாரியாக ரசீதுகள். பையைச் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கோர்ட்டில் அவளுக்கு நாற்காலி போடவில்லை. "ஏம்மா, வழியில நிக்காதே" என்றார்கள். முந்தின நாள் கண்ணாடியைத் துடைத்த அதே கிளார்க் அவள் ரசீதை வாங்கிப் பார்த்தார். இந்தத் தடவை துடைக்கவில்லை. பெயர், முகவரி, ஆதார் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. என் வீட்டுக்காரருடைய அண்ணனும் சாக்கோட்டையிலிருந்து வந்து சேர்ந்தார். கூப்பிட்டபோது அவள் செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

நீதிபதி ஒரு பெண். கண்டிப்பானவர் என்று சொல்வார்கள். அவளை மேலிருந்து கீழே பார்த்தார்.

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

"பக்கத்து வீடுங்கம்மா."

"எத்தனை வருஷமாத் தெரியும்?"

"கல்யாணமாகி இவ வந்ததுல இருந்து தெரியும். இவளோட எனக்குப் பேச்சுக் கெடையாதுங்கம்மா."

"அப்புறம் எதுக்கு ஜாமீன் போட வந்தீங்க?"

"பேச்சு இவளோடதானேங்க இல்ல. அண்ணன் நல்ல மனுசருங்க. அவரு வந்தாத்தான் இவ எங்க ஆட்டைத் திட்டுறதை விட்டுட்டு அவரைத் திட்டுவா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, ஆனால் பேனா கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு, அவர் வாய்தாவுக்கு வராவிட்டால் என்னவாகும் தெரியுமா என்று நிதானமாக, நல்ல தமிழில் விளக்கினார். "தெரியுங்கம்மா, நேத்தே இவ ஆட்டுக்கிட்டச் சொல்லிட்டா" என்றாள். அதை மட்டும் அவர் கேட்டுக்கொள்ளாத மாதிரி இருந்துவிட்டார். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

வெளியே வந்து உத்தரவுக்காகக் காத்திருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. அந்தச் சென்னைத் தம்பி. அவருடைய வக்கீலைப் பார்க்க வந்திருக்கிறார். என்னை அடையாளம் தெரிந்து, கண்ணாடியை இறக்கி, "அண்ணன் நல்லாருக்காராக்கா?" என்று விசாரித்தார். உள்ளே இருக்கிறார் என்றேன். கோர்ட்டுக்குள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். ஜெயிலில் என்றேன். அவர் முகம் மாறிப்போனது.

"அவருக்கும் ஜாமீன் கொடுத்துட்டாங்கன்னு வக்கீல் சொன்னாரேக்கா. வெளிய வந்திருப்பார்னுதான் நினைச்சேன்."

பொய் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாது. ஜாமீன் கிடைத்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அப்படித்தான் அவருடைய உலகத்தில் நடக்கிறது. எனக்கு வாயில் வந்ததைக் கொட்டியிருப்பேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி காருக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள்.

"தம்பி, அந்தச் சாமான்ல ஒங்களுக்குப் பங்கு உண்டா?"

"உண்டு."

"அப்ப எங்கண்ணன் என்னத்தத் திருடுனாரு?"

அவர் இறங்கி வந்து என் முன்னால் கைகூப்பினார். நான் அந்தக் கையை மதிக்கவும் இல்லை, தட்டிவிடவும் இல்லை. உத்தரவு வந்துவிட்டது, வாங்கிக்கொண்டு ஜெயிலுக்கு ஓட வேண்டியிருந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் சின்னக் கதவு திறந்து என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். இளைத்திருந்தார். தாடி வேறு. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். விடுதலையான மனுஷர் முகமா அது? பேயைப் பார்த்த மாதிரி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"நீங்க ரெண்டு பேரும் எப்பிடி ஒண்ணா நிக்கிறீக?"

அப்போதுதான் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தோம். "மதினி, ஒன் புருசனைக் கூட்டிக்கிட்டு நட. பஸ்ஸு போயிரும்" என்றாள். வருஷக்கணக்கில் கேட்காத மதினி. நான் அவள் தோளில் சாய்ந்து அழுதேன். "போதும், எஞ்சேல நனையுது. இதாவது ஆடு திங்காத துணி" என்றாள்.

அந்தப் பொங்கலுக்கு அவள் வாசலில்தான் பானை வைத்தோம். என் வீட்டுக்காரர்தான் அடுப்புக் கல் எடுத்து வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் கல் கோணலாக இருக்கிறது என்று ஒரே குரலில் அவரைத் திட்டினோம்.

கேஸ் மாசி மாதம் ஒரு வழியாக முடிவுக்கு வந்தது. பங்காளிகள் கூடிப் பேசிச் சமாதானமாகப் போவதென்று முடிவெடுத்தார்கள். குடும்ப விஷயம் ஆகிவிட்டது அல்லவா. எழுதிய சமாதானப் பத்திரத்தில் அந்தத் தம்பியின் பெயர் இருந்தது, என் வீட்டுக்காரர் பெயர் இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை, நினைப்பில் வரவில்லை, அவ்வளவுதான். ஆச்சியிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது, "டிரைவர் பேரையும் சேத்து எழுதிக் கொண்டாங்க. அதுவரைக்கும் எம் பேனாவுல மை இல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லாருக்கும் ரொம்பக் கோபம். ஆச்சி அசையவில்லை. மறுபடி எழுதிக்கொண்டுதான் வந்தார்கள். வீட்டு வரி மட்டும் இன்னமும் ஹாலில் மாலையோடு இருக்கிறவர் பெயரில்தான் வருகிறது.

வண்டி திரும்பி வந்தபோது பேட்டரி செத்து, டயர் சப்பிப்போய்க் கிடந்தது. தார்ப்பாய் மட்டும் பத்திரமாக இருந்தது. இப்போது யாராவது சாமான் ஏற்றக் கூப்பிட்டால் என் வீட்டுக்காரர் இரண்டு கேள்வி கேட்கிறார். "சாவி இருக்காண்ணே? மத்த பங்காளியளுக்குச் சொல்லிட்டீகளாண்ணே?" இரண்டாவது கேள்வியில் பாதிப் பேர் வேறு வண்டி பார்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். போகட்டும்.

கருப்பிக்கு இப்போது மூன்று குட்டி. போன வாரம் அதில் ஒன்று என் முருங்கைக் கன்றைக் கடித்துவிட்டது, நானும் அவளும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி நேருக்கு நேர் நின்று சண்டை போட்டோம். எத்தனை சத்தம் போட்டாலும், பெரிய பெரிய வீடுகள் நிறைந்த எங்கள் ஊரில் என் வீட்டு மனுஷருக்காகக் கோர்ட் வரைக்கும் வந்து நின்றது இந்த ஒற்றை அறை ஓட்டு வீடுதான் என்ற நினைப்பு நடுவில் வந்து, எனக்கு அடுத்த வசவு மறந்துபோகிறது. அந்த இடத்தில் அவள் ஜெயித்துவிடுகிறாள்.